சாமானியரிடம் கேட்டார்கள், அவர்களும் சொன்னார்கள்

தன்பாலினத் திருமணம் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "இதெல்லாம் மேல்தட்டுக்காரர்களின் கூச்சல். சாமானிய மனிதனிடம் கேட்டுப் பாருங்கள், காறித் துப்புவான்." 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசும் உச்ச நீதிமன்றத்தில், கொஞ்சம் நாகரிகமான மொழியில், நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்றுதான் இதைச் சொன்னது.

சாமானிய மனிதனிடம் நிஜமாகவே கேட்டுப் பார்த்த நாடு அயர்லாந்து. 2015 மே 22 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். நாடு தழுவிய வாக்கெடுப்பின் மூலம் இந்த உரிமையைக் கொடுத்த முதல் நாடு அதுதான். 43 தொகுதிகளில் 42 'ஆம்' பக்கம் நின்றன. விலகி நின்ற ஒரே தொகுதி ராஸ்காமன் - தெற்கு லீட்ரிம். அங்கும் 48 சதவீதத்துக்கு மேல் 'ஆம்' விழுந்தது. தலைநகரத்து இளைஞர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு இப்படியொரு முடிவு வராது. மாடு வளர்ப்பவரும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கிழவியும் போட்டால்தான் வரும்.

அந்த நாட்டின் பழைய கதை தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ஆணும் ஆணும் உறவுகொள்வது அங்கே 1993 வரை குற்றம். டேவிட் நாரிஸ் என்பவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1988இல் வென்றார். அதற்குப் பிறகும் சட்டத்தை மாற்ற அரசுக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. விவாகரத்துக்கு அனுமதி கேட்டு 1995இல் நடந்த வாக்கெடுப்போ ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டில் மயிரிழையில் பிழைத்தது. அப்படிப்பட்ட ஊர், இருபதே ஆண்டுகளில் எப்படி இங்கே வந்து சேர்ந்தது?

கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்குச் சரிந்ததைப் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். உண்மைதான். பாதிரியார்களும் திருச்சபை விடுதிகளும் குழந்தைகளுக்குச் செய்த கொடுமைகளை 2009இல் வெளிவந்த விசாரணை அறிக்கைகள் போட்டு உடைத்தன. ஆனால் அது 'வேண்டாம்' என்று தடுத்த குரலைத்தான் பலவீனப்படுத்தியது. வாக்குச்சாவடிக்கு நடந்து போய் 'ஆம்' என்று குத்த வைக்க அது மட்டும் போதாது. குத்த வைத்தது, என் பார்வையில், தெரிந்த முகங்கள்.

வாக்கெடுப்பு நடந்த 2015இன் ஜனவரியில், தன் 36ஆவது பிறந்தநாளன்று, அமைச்சர் லியோ வராத்கர் வானொலியில் தான் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னார். மும்பையிலிருந்து போன மருத்துவரின் மகன். இரண்டு ஆண்டு கழித்து அந்நாட்டின் பிரதமரே ஆனார். முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ், பக்தியுள்ள கத்தோலிக்கர், தன்பாலீர்ப்பாளரான மகனின் தாயாக வந்து பேசினார். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் உர்சுலா ஹாலிகன் எழுதிய கட்டுரை எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. தினமும் தொலைக்காட்சியில் அரசியல் செய்தி சொன்னவர். பதினேழு வயதில் ஒரு பெண்மீது வந்த காதலை யாரிடமும் சொல்லாமல், ஐம்பது வயதைத் தாண்டும்வரை உள்ளேயே புதைத்து வைத்திருந்ததை எழுதினார். அதைப் படித்தவர்களுக்கு அது கொள்கை விவகாரமாக இருந்திருக்க முடியாது. அவரவர் வீட்டில் கல்யாணம் ஆகாமலே இருந்துவிட்ட அத்தையும் சித்தப்பாவும் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள்.

பிரச்சாரமும் அந்த வழியில்தான் நடந்தது. கல்லூரி மாணவர்கள் 'பாட்டிக்கு ஒரு போன் போடுங்கள்' என்று இயக்கம் நடத்தினார்கள். வெளிநாட்டிலிருந்தபடி தபால் ஓட்டுப் போட வழியில்லாததால், ஊரைவிட்டுப் போய் அதிக நாள் ஆகாத பிள்ளைகள் கப்பலும் விமானமும் ஏறி வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

எதைப் புதிதாக நீட்டினாலும் தலையாட்டும் கூட்டமா அது? இல்லவே இல்லை. அன்றைக்கே, அதே சாவடியில், இன்னொரு சீட்டும் கொடுத்தார்கள்: குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்கான வயதை 35இலிருந்து 21ஆகக் குறைக்கலாமா? 73 சதவீதம் பேர் முடியாது என்று தள்ளினார்கள். ஒரு கையில் 'ஆம்', மறு கையில் 'இல்லை'. யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். (இருபத்தொரு வயதில் குடியரசுத் தலைவரா என்று நானும் 'இல்லை' என்றுதான் குத்தியிருப்பேன்.)

'குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டும்' என்ற சுவரொட்டிகளை எதிர்த் தரப்பு ஊரெங்கும் தொங்கவிட்டது. அதுவும் எடுபடவில்லை. திருமணத்தை மதிக்கிறவர்கள்தான் இதை ஆதரித்தார்கள் என்று நான் நம்புகிறேன். கல்யாணம் என்ற பெயரில்லாமல் தன்பாலின இணையைச் சட்டப்படி பதிவு செய்யும் 'சிவில் கூட்டுறவுப் பதிவு' 2011 முதலே அங்கே இருந்தது. சொத்து, வரி போன்ற தேவைகளில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிட்டது. ஆனால் தன் மகளுக்குக் 'கூட்டுறவுப் பதிவு' ஆனது என்று எந்தத் தாய் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரிப்பாள்? அவளுக்குக் கல்யாணம் வேண்டும், அழைப்பிதழ் வேண்டும், சம்பந்தி வேண்டும்.

இத்தனையும் சொன்னாலும், உரிமையை ஓட்டுக்கு விடலாம் என்று நான் சொல்லமாட்டேன். வீடுவீடாகக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவரிடம் "நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா?" என்று கேட்க வேண்டியிருந்தது அந்தப் பிள்ளைகளுக்கு. வேறு யாரும் தன் கல்யாணத்துக்கு ஊர் முழுவதிடமும் சம்மதம் வாங்குவதில்லை. எல்லா ஊரும் சம்மதிக்கவும் செய்யாது: அதே 2015 டிசம்பரில் ஸ்லோவேனியாவில் 63 சதவீதம் பேர் மறுத்தார்கள். 2022இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தலையிட்டுத்தான் அங்கே வழி பிறந்தது.

இந்தியாவில் அந்த வழி இப்போதைக்கு அடைபட்டிருக்கிறது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டமியற்றுவோர் கையில் விட்டுவிட்டது. பொது வாக்கெடுப்பு என்ற ஏற்பாடும் நம்மிடம் இல்லை. மிஞ்சுவது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி.க்கள் மட்டுமே. நம் எம்.பி. இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறாரா என்று நான் தேடத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் தொகுதிக்காரர் பேசியிருந்தால் சொல்லுங்கள்.