பாக்கெட் அதே உயரம், உள்ளே சரக்குதான் இளைத்துவிட்டது

விலையை ஏற்றினால் சனம் கேள்வி கேட்கும், அதனால் கம்பெனிகள் எடையில் கை வைக்கின்றன என்று, பாக்கெட் சரக்கின் எடை குறைவதைப் பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பது சரிதான், ஆனால் அதற்கு வழி எப்படித் திறந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய் எல்லாம் இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியலே இருந்தது. பாக்கெட் சரக்குக்கான விதியை மத்திய அரசு 2021-ல் திருத்தியது, 2022-ல் அந்தப் பட்டியல் போய்விட்டது. அப்புறம் என்ன, அவரவர் இஷ்டம்.

காரைக்குடிப் பக்கம் விசேஷம் என்றால் சீப்புச் சீடை, மணகோலம் என்று எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. எங்கள் ஆச்சி இன்னமும் பாக்கெட் கணக்கில்தான் எண்ணெய் எழுதிக் கொடுப்பார்கள். போன கல்யாணத்தில் எழுதியபடியே வாங்கியும், பாதிப் பலகாரத்தில் எண்ணெய் தீர்ந்து கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. உறையைத் திருப்பிப் பார்த்தால் 800 கிராம். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் வரணும். உறையின் உயரம், படம், பளபளப்பு எல்லாம் அப்படியே, எடை மட்டும் ஓரத்து ஒட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில்.

கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னதும் அதே திருத்தம்தான். போடுகிறார்கள், படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். 5 ரூபாய், 10 ரூபாய் சரக்கில் யார் பார்க்கிறார்கள்? பிரான்சில் 2024 ஜூலை முதல், எடை குறைந்து, கிலோ கணக்கில் பார்த்தால் விலை ஏறிய பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அறிவிப்பு வைத்தாக வேண்டும். இங்கேயும் பழைய எடை, புது எடை இரண்டையும் முன்பக்கம் பெரிதாகப் போடச் சொல்ல என்ன தடை?