தேன் கொடுக்கும் முன் வயதைப் பாருங்கள்

குழந்தைகளின் இரவு இருமலுக்குத் தேன் நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரியே. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து, நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி போதும்.

மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டில், மார்கழிப் பனியில் இரண்டு வயதுப் பேத்தி இருமி இருமி விழித்தபோது, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவவும் சாம்பிராணி போடவும்தான் முதலில் கை போனது. கற்பூரம் சிறு குழந்தையின் உடலில் சேர்ந்தால் வலிப்பு வரை கொண்டுபோகும் என்றும், புகை இருமலைக் கூட்டும் என்றும் கிராமச் செவிலியர் தடுத்த பிறகு, வெதுவெதுப்பான நீரை அடிக்கடி கொடுத்து, மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டோம், அப்படியே தூங்கிப்போனாள்.

வீட்டில் மிஞ்சிய இருமல் மருந்தைக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 5 வயதுக்குள் அவை பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. 1 முதல் 5 வயதுக் குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.