கவுன்சலிங் ரூமில் ஒரு கால்குலேட்டர்

கதவில் 'கவுன்சலிங்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சரி, இங்கேயாவது யாரோ நம்மிடம் உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி அது, பெயர் வேண்டாம். உள்ளே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு சைக்கிளுக்கு, அதாவது ஒரு சுற்றுச் சிகிச்சைக்கு இவ்வளவு, மூன்று சைக்கிளுக்குச் சேர்த்துக் கட்டினால் இவ்வளவு குறையும், இ.எம்.ஐ. வசதி உண்டு. கால்குலேட்டரைத் தட்டித் தட்டி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். என் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம். "வேற டவுட் இருக்கா சார்?" அவ்வளவுதான், கவுன்சலிங் முடிந்தது. ஃபைலில் ஒரு டிக் விழுந்தது.

ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சை தரும் மையங்களுக்கென்று 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, செலவு எல்லாவற்றையும் பற்றித் தம்பதிக்கு முறையான ஆலோசனை தர வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. கவுன்சலர் ஒருவர் பணியில் இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. செலவைத்தான் சொல்லிவிட்டோமே என்பார்கள். சொன்னார்கள், மறுக்கவில்லை.

இனி என் கதை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் டெஸ்ட் எடுத்தோம். ஒரு மில்லிக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்க வேண்டிய விந்தணு எனக்கு முப்பது லட்சத்தைத் தாண்டவில்லை. அந்த ரிப்போர்ட்டை மடித்து ஸ்கூட்டர் டிக்கியில், ஆர்.சி. புக் கவருக்குள் வைத்தேன். இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது. அந்த இரண்டு வருடமும் அம்மா விடியற்காலையில் என் மனைவியை எழுப்பி, தலைக்கு ஊற்றவைத்து, பிள்ளையார் கோயில் அரசமரத்தைச் சுற்றவைத்தார். திருக்கருகாவூர் நெய் அவளுக்கு. சஷ்டி விரதம் அவளுக்கு. கல்யாண வீட்டில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வியும் அவளுக்குத்தான். நான் ஆபீஸ் போனேன், வந்தேன். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள்கூட அவள் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை.

டாக்டர் இக்ஸி என்றார். ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் நேராகச் செலுத்துகிற முறை. குறை என்னுடையது, ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி அவளுக்கு. நடுநடுவே ஸ்கேன், அப்புறம் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை வெளியே எடுக்கிற எக் பிக்கப். என் பங்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன அறை, தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. சிரிக்காதீர்கள், அந்த அறையில் நான் அழுதிருக்கிறேன். வெளியே வந்தபோது நர்ஸ் கேட்டது "டைம் எழுதிட்டீங்களா சார்?" மட்டும்தான்.

கருவை உள்ளே வைத்த பிறகு ரத்தப் பரிசோதனைக்குச் சுமார் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை ப்ரோஜெஸ்டிரோன் கொடுப்பார்கள். கரு தங்குவதற்கான அந்த மருந்தே மார்பைக் கனக்கவைக்கும், வயிற்றை உப்பவைக்கும், தூக்கம் தூக்கமாக வரும். கர்ப்பம் இல்லாமலே கர்ப்பத்தின் அறிகுறிகள். 'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று கேலியாகச் சொல்வோமே, அந்தப் பதினாலு நாளை ஒருத்தியின் பக்கத்தில் இருந்து பார்த்தபின் அது என் வாயில் வருவதில்லை.

போன் வந்தது. "நெகட்டிவ் மேடம். மாத்திரையை நிறுத்திடுங்க. பீரியட்ஸ் வந்த ரெண்டாவது நாள் வாங்க, அடுத்த சைக்கிள் பத்திப் பேசலாம்." ஒரு நிமிடம்கூட இல்லை. அவள் எழுந்துபோய் மிச்சமிருந்த அட்டைகளை எண்ணினாள். "ஏங்க, இதைத் திருப்பி எடுத்துப்பாங்களா?"

அந்த நிமிடத்தில்தான் எங்களுக்கு ஒரு கவுன்சலர் தேவைப்பட்டார். பணம் கட்டும் முன்பு அல்ல.

பிறகு ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியோடும் சம்பந்தமில்லாத ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனோம். அவளுக்காகத்தான் போகிறோம் என்பது என் நினைப்பு. முக்கால் மணி நேரம் அவளைப் பேசவிட்டுக் கேட்டவர், என் பக்கம் திரும்பி, "அந்த ரிப்போர்ட் பத்தி உங்க அம்மாவுக்குத் தெரியுமா சார்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மந்திரம் மாயம் ஒன்றும் அவர் செய்யவில்லை. யாரிடம் எவ்வளவு சொல்வது, மனசில்லாத வளைகாப்புக்குப் போகாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும், எத்தனை சுற்றோடு நிறுத்திக்கொள்வது, அடுத்த முறை ரிசல்ட் போனை யார் எடுப்பது, இவைதான் பேச்சு. போனை நான் எடுப்பதாக ஒப்புக்கொண்டேன்.

"டென்ஷன் இல்லாம ரிலாக்ஸா இருந்தா தானா நிக்கும்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சிகிச்சைக்கு முந்தைய மனஉளைச்சலுக்கும் அந்தச் சுற்றில் கரு தங்குவதற்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. நீங்கள் ஆறுதல் என்று நினைத்துச் சொல்வது, 'நீ கவலைப்பட்டதால்தான் போச்சு' என்று அவள் காதில் விழுகிறது. கவுன்சலிங்கையும் இப்படிக் கரு நிற்க வைக்கும் வைத்தியமாக யாராவது விற்றால் நம்பாதீர்கள். கரு நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் வாழ்ந்தாக வேண்டும், அதற்குத்தான் அது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்படிப் பார்த்தால் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலும் சிலர் இருப்பீர்கள். லட்சங்கள் கரைந்த பிறகு இதற்கு வேறு ஃபீஸா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. வேறு வழியில்லை என்றால் 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேக்கேஜ் பேசுகிறவரும் கவுன்சலரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். நெகட்டிவ் வந்த வாரத்தில் ஒரு முறை கூப்பிடுங்கள். கூப்பிடும்போது புருஷனையும் உட்காரச் சொல்லுங்கள், அவன் வெளியே டோக்கனைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அடுத்த அமாவாசையன்று விடிகாலை நாலரைக்கு எங்கள் அறைக் கதவைத் தட்டினார். "அவ தூங்கட்டும். நீ குளிச்சிட்டு வா."

ஈர வேட்டியோடு நூற்றெட்டுச் சுற்று. எண்ணுவதற்கு அம்மா புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார்.