முதலில் வாசிக்கட்டும், பிறகு தீர்மானிக்கட்டும்

நம்பிக்கை இல்லாதவர் வேதாகமத்தை வாசிப்பதால் பயனில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோணேசர் கோவில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கொலியும் ஒரே நகரில் கேட்கும் எங்கள் திருகோணமலையில், அடுத்தவர் வேதத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைத் திறந்து பார்த்தவர்கள்தாம் குறைவு. (கிறிஸ்தவ வீடுகளிலும் நிலைமை பெரிதாக வேறுபடுவதில்லை.)

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நான்றுகொண்டு (தூக்கிட்டுக்கொண்டு) செத்தான் என்று சுவிசேஷத்தில் மத்தேயு எழுத, அவன் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்து மாண்டான் என்கிறது வேதாகமத்தின் இன்னொரு நூலான அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவரே, போதகர் தரும் விளக்கத்தையும் எதிர்ப்பவர் செய்யும் கேலியையும் தாமாக எடைபோட முடியும். இயேசுவைப் பற்றிப் போதித்துவந்த பவுல் சொன்னவை மெய்தானா என்று பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்ததை அதே நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பாராட்டவும் செய்கிறது. துன்பத்தில் வீழ்ந்த யோபு கடவுளிடமே வழக்காடுவதை வேதாகமத்தில் வாசித்தவருக்கு, கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்ற பேச்சு வேடிக்கையாக இருக்கும்.

ஆறுமுக நாவலர் (1822–1879) பேர்சிவல் பாதிரியாரோடு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டவர். அவ்வளவு நெருங்கிப் படித்த பிறகும் சைவராகவே நின்று மிஷனரிமாரோடு வாதிட்டார். அவருடைய மறுப்புக்குக் கனம் சேர்த்தது அந்த வாசிப்பே என்பது என் எண்ணம்.

வாசிக்க விரும்புவோர், முதல் நூலான ஆதியாகமத்தில் ஆரம்பித்து, சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் சலித்து நிறுத்திவிடாமல், 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதை ஒரே மாலையில் முடித்துவிடலாம்.