பழகிடுமாம்

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஒட்டிய அந்த அறிவித்தலின் படம் எல்லோரிடமும் வந்திருக்கும். எனக்கே பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள், அதனால் திரும்பவும் இங்கே போடவில்லை. "பெண் ஊழியர்கள் ஆகக் குறைந்தது இரண்டரை அங்குலக் குதியுள்ள கறுப்புச் சப்பாத்து அணிதல் வேண்டும்." கீழே முத்திரை, கையொப்பம், எல்லாம் முறைப்படி. கணுக்கால் வீங்கியதால் தட்டைச் செருப்போடு வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய கதையும் உங்களுக்குத் தெரியும். கடையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பின்னூட்டத்தில் நீங்களும் சொல்ல வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு இந்த மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை.

முதலாளி அறிவித்தல் ஒட்டுவார், அது அவர் புத்தி. எனக்குக் கோபம் ஏறினது அந்தப் படத்தைப் போட்ட பதிவின் கீழே வந்து சிரித்தவர்களைப் பார்த்துத்தான். "செருப்புக்கும் ஒரு போராட்டமோ?" "இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு வேலை வேண்டாம், சாட்டுத்தான் வேணும்." "ரெண்டு கிழமை போட்டால் பழகிடும்." இந்தக் கடைசி வசனத்துக்கு மட்டும் எத்தனை சிரிப்பு முகங்கள்! போட்டவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த ஆண்கள். அவர்களில் ஒருவருக்குப் புதுச் சப்பாத்து குதிக்காலில் வெட்டினதற்கு ஒரு கிழமை நொண்டி நொண்டித் திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹீல்ஸ் பிடிக்கும். தங்கச்சியின் கலியாணத்துக்கு மூன்று இஞ்சிக் குதி போட்டுக்கொண்டுதான் நின்றேன், படங்களில் வடிவாகத்தான் இருக்கிறேன். விரும்பிப் போடுவது வேறு, போடாவிட்டால் வீட்டுக்குப் போ என்பது வேறு. கலியாண வீட்டில் கால் நொந்தால் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டுச் சோடா குடிக்கலாம். கவுண்டரில் நிற்கிறவள் எங்கே தள்ளுவது?

நான் 2011இல் இருந்து ஆறு வருடம் அப்படி நின்றவள். போர் முடிந்து, தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்து, கொழும்பில் இருந்து லீசிங் கொம்பனிகள் ஒவ்வொன்றாய் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலம், அதில் ஒன்றில்தான் எனக்கு வேலை. கண்ணாடிக் கதவு, ஏசி, ரை கட்டின பெடியங்கள். முதல் கிழமையே கொழும்பில் இருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். பெடியங்களுக்குப் பத்து நிமிடம்: சவரம், ரை, சப்பாத்துக்குப் பொலிஷ். எங்களுக்கு முழுப் பின்னேரம். கொண்டை எப்படி, உதட்டுச் சாயம் எந்த நிறம், குதி எத்தனை இஞ்சி. "ஹீல்ஸ் போட்டால்தான் ஒரு கொன்பிடன்ஸ் வரும்" என்றார். ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்து, கொழும்பு வரை போய் நேர்முகம் முடித்து வந்த எனக்கு இல்லாத கொன்பிடன்ஸ் ஒரு றப்பர்க் கட்டையில் இருந்து வருமாம்.

காலையில் கோண்டாவிலில் இருந்து பாட்டாச் செருப்போடு ஸ்கூட்டியில் வருவேன். ஹீல்ஸ் சொப்பிங் பையில். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான், பருத்தித்துறை மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள் ஹீல்ஸோடா தொங்குவாள்? பக்கக் கதவடியில், தண்ணீர்ப் போத்தல் அடுக்கியிருக்கும் இடத்தில், நாலு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு செருப்பு மாற்றுவோம். குதிக்காலில் பிளாஸ்ரர் ஒட்டிக்கொள்வோம். மத்தியானத்துக்குள் வேர்வையில் பிளாஸ்ரர் உருண்டு, புண்ணுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று மணிக்குப் பிறகு முன்பாதம் எரியத் தொடங்கும். உடம்புப் பாரம் முழுக்க விரல்களுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில்தானே விழுகிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரம் ஒரு காலை மெல்லக் கழற்றி வெறும் தரையில் வைப்பேன். அந்தத் தரையோட்டின் குளிர் முழங்கால் வரை ஏறும். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான். ஒருநாள் மனேஜர் கூப்பிட்டார். சிசிடிவியில் என்னைக் காட்டினார். திரையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு வெறுங்கால், பக்கத்தில் சாய்ந்து கிடக்கிற ஒரு சப்பாத்து. "இது என்ன, உம்மட வீட்டுக் குசினியோ?" என்று கேட்டார். மனேஜருக்குச் சீனி வருத்தம். டொக்டர் சொன்னபடி அகலமான தோல் செருப்புத்தான் போடுவார். அதை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது, வருத்தக்காரர். ஆனால் அவரும் அன்றைக்குச் சொன்னது அதே வசனம்தான். "போகப் போகப் பழகிடும்."

பழகியது எது தெரியுமா? பின்னங்கால் நரம்பு பழகியது. நெடுங்காலம் குதியை உயர்த்தியே வைத்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி, அதில் இருந்து குதிக்கு வருகிற தசைநாண் விறைத்துவிடலாம். பிறகு தட்டைச் செருப்புப் போட்டால் இழுத்துக்கொண்டு நோகும். வலது பெருவிரல் மூட்டு வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிறது. இரவில் அம்மா நோவுக்குச் சித்தாலேப பூசிவிடுவா.

அம்மாவைப் பற்றிச் சொன்னால் ஒரு கதை. நான் முதல் ஹீல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து காட்டியபோது அம்மா விலையைக் கேட்கவில்லை, வடிவா என்றும் பார்க்கவில்லை. கையில் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு ஓட ஏலுமோ பிள்ளை?" என்று கேட்டா. நான் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தடியில், சனத்துக்குள், மழைக்குள், அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை எனக்குப் போட்டுவிட்டா. எனக்கு ஒன்பது வயது, அந்தச் செருப்பு எனக்குப் பெரிசு. சாவகச்சேரி வரை அம்மா வெறுங்காலோடு நடந்தா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் செருப்பு வாங்கினாலும் அந்த ஒரு கேள்விதான். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. "செருப்புக்கும் ஒரு போராட்டமோ" என்று கேட்டவருக்காக இருக்கலாம்.

இனி நியாயம் பேச வருகிறவர்களுக்கு. "ஆம்பிளையளும்தானே வெக்கைக்குள்ள ரை கட்டினம்?" கட்டுகிறார்கள், பாவம்தான். ஆனால் ரை கட்டினால் கழுத்து வேர்க்கும், கணுக்கால் சுளுக்காது. ரையோடு படியில் இருந்து உருண்ட ஒருவரைக் காட்டுங்கள், அவருக்காகவும் எழுதுகிறேன்.

"நல்லூரில ஆம்பிளையளை மேல்சட்டை கழட்டச் சொல்லினம், அதுக்கு என்ன சொல்லுறியள்?" நல்லூர்க் கந்தன் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை ஐயா. அங்கே முதலாளியும் வெறுங்கால்தான், நானும் வெறுங்கால்தான். கந்தனுக்கு என் உயரம் காணும்.

அடுத்தது லண்டன் அண்ணை. அவர் இல்லாமல் எங்கள் ஊரில் எந்த விவாதமும் முடியாது. "இங்கயெல்லாம் இதுதான் புரொபெஷனல், நீங்கள் இன்னும் வளரேல்லை." அண்ணை, உங்கள் ஊரில்தான் 2015 டிசம்பரில் நிக்கோலா தோர்ப் என்ற பெண்ணை, ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனத்தின் வரவேற்பு மேசைக்கு முதல்நாள் வேலைக்குப் போன இடத்தில், ஹீல்ஸ் போட மறுத்ததற்காகச் சம்பளம் இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். இரண்டில் இருந்து நாலு இஞ்சி வேண்டுமாம். அவர் எழுதிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் கையெழுத்து வைத்தார்கள், 2017 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே விவாதம் நடந்தது. புதுச் சட்டம் வரவில்லை, இருக்கிற 2010 சமத்துவச் சட்டமே போதும் என்று அரசு சொல்லிவிட்டது. அது வேறு கதை. ஆனால் அங்கே யாரும் வாயைப் பொத்திக்கொண்டு பழகவில்லை. நீங்கள் அப்போது அங்கேதானே இருந்தீர்கள்?

ஜப்பான்காரரின் ஒழுக்கத்தைப் பார் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பார்த்தேன். 2019இல் யுமி இஷிகாவா என்ற பெண் இதே பிரச்சினையைக் கிளப்பினார். அவர் ஹீல்ஸோடு நின்று வேலை செய்த இடம் எது தெரியுமா, செத்தவீடு நடத்துகிற நிறுவனம். அங்கேயும் குதி வேண்டுமாம்! ஜப்பான் மொழியில் 'குட்சு' என்றால் சப்பாத்து, கொஞ்சம் நீட்டி 'குட்சூ' என்றால் வலி. இரண்டையும் சேர்த்துத்தான் இயக்கத்துக்கே #KuToo என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டுத் தொழில் அமைச்சரும் நம் ஆட்களைப் போலத்தான், தேவையான வேலைக்குத் தேவை என்ற மாதிரி வழுக்கினார். ஆனால் 2020இல் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானப் பணிப்பெண்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. விமானம் இன்னும் பறக்கிறது. பிலிப்பைன்ஸில் 2017இலேயே, அதுவும் எங்கள் கடைப் பிள்ளைகளைப் போல நாள் முழுக்க நிற்கிறவர்களுக்காக, கட்டாயப்படுத்தக்கூடாது என்று தொழில் திணைக்களம் கட்டளை போட்டது.

இங்கே என்ன இருக்கிறது? இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் போகும். தனியார் கடைக்காரரை அதில் பிடிக்க ஏலாது.

பண்பாட்டுக் காவலர்களைத் தனியாகக் கேட்க வேண்டும். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சாறிக்குப் பதிலாக வேறு உடுப்பில் பள்ளிக்கூடம் போனபோது, எங்கட பண்பாடு என்னாகிறது என்று பந்தி பந்தியாக எழுதினீர்கள். பஸ் இல்லை, காசு இல்லை என்று அவர்கள் சொன்னது காதில் ஏறவில்லை. இப்போது அதே ஆட்கள் இரண்டரை இஞ்சிக்கு வக்காலத்து. குதி உயர்ந்த சப்பாத்து எந்த ஊர்ப் பண்பாடு? பாரசீகத்துக் குதிரைக்காரன் அங்கவடியில் காலை ஊன்றிக்கொள்ளப் போட்டது அது. பிறகு ஐரோப்பாவில் ஆண்கள்தான் போட்டுத் திரிந்தார்கள், பிரான்ஸ் அரசன் 14ஆம் லூயி சிவப்புக் குதியோடு படத்துக்கு நிற்கிறான். அவ்வளவு பிடித்திருந்தால் நீங்களும் போடலாம், குதிரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆக, சாறி கட்டச் சொல்வதும் ஹீல்ஸ் போடச் சொல்வதும் உங்களுக்கு ஒன்றுதான். சொல்வது நீங்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வேலையே இல்லாத ஊரில இருக்கிற முதலாளிமாரையும் துரத்தாதேங்கோ" என்று எழுதிய தம்பிக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த வேலை எங்கே தேடுவாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தம்பி, தட்டைச் சப்பாத்துப் போட்ட பிள்ளை காட்டினால் பிரிட்ஜை வாங்காமல் போவோமா? நானும் நீயும் கடைக்குப் போனால் விலைத் துண்டைத்தானே பார்க்கிறோம். காலையா பார்க்கிறாய்? பார்த்தால் அது வேறு பிரச்சினை.

இவ்வளவையும் சுருக்கி ஒரு பின்னூட்டமாக அந்தப் பதிவின் கீழே நேற்று இரவு போட்டேன். விரும்பிப் போடுவது வேறு, போடச் சொல்வது வேறு, அதற்குள் காலே வைக்காதவர்கள் பழகிடும் என்று சொல்லாதீர்கள் என்று. நல்ல வரவேற்பு. நாற்பது பேர் இதயம் போட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு பதில் வந்தது. பெயரைப் பார்த்ததும் ஆள் யாரென்று பிடிபட்டது. 2016இல் நான் கவுண்டருக்குப் பொறுப்பாக இருந்தபோது கிளிநொச்சிப் பக்கம் இருந்து வேலைக்கு வந்த பிள்ளை. ரவுணுக்குள் போர்டிங்கில் நின்றாள். முதல் சம்பளம் வரும் வரை புதிதாக வாங்கக் காசு இல்லை என்று அறைத்தோழியின் ஹீல்ஸை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள், அவளுக்கு ஒரு அளவு சின்னது. இரண்டாம் கிழமை பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. என்னிடம் வந்து, ஒரு கிழமைக்குத் தட்டையாகப் போடட்டா அக்கா என்று கேட்டாள். மனேஜரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கும் ஒரு பேச்சு விழும் என்று கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அவள் நின்றுவிட்டாள், ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

திட்டி ஒன்றும் எழுதவில்லை. ஒரு சிரிப்பு முகமும் போட்டுத்தான் எழுதியிருந்தாள். "அக்கா, எனக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள், பழகிடும் எண்டு."

அதற்கு ஒரு லைக்கைப் போட்டுவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்து இருந்து, கடைசியில் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.