பிரதி ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். குமாஸ்தாக்கள் கொண்டு வரும் கையெழுத்துத் தாளைப் பார்த்து மனு அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. குடும்ப நல நீதிமன்றத்து மனுக்கள் நிறைய வரும். குழந்தை இருக்கிற வழக்கு என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தே தீரும்: ‘பிரதி ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை தகப்பனார் மைனர் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டியது.’ மறுபடி அடிக்கக்கூட வேண்டாம். பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினால் போதும்.

அந்த ஒரு வரியின் மேல் எனக்கு இப்போது பெரிய கோபம். காரணம், அது என் தங்கச்சி மகள் விஷயத்திலும் வந்தது. (தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் எதுவும் வேண்டாம் என்றாள். சரி, பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.)

அவர்களுடையது மியூச்சுவல், அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்கிற விவாகரத்து. கோர்ட் வாசலில் கூச்சல், நகைப் பட்டியல் என்று எதுவும் இல்லை. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் போனால் ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தேவையில்லை என்று பட்டால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டே தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரியவர்கள் மனசு மாறலாமே, யோசிக்கட்டுமே என்று இவ்வளவு அவகாசம். பாப்பாவுக்கு அதெல்லாம் கிடையாது. மே மாதம் ஓசூரில் டி.சி. வாங்கினார்கள், ஜூனில் இங்கே சேலம் அம்மாபேட்டையில் நாலாம் வகுப்பு.

விவாகரத்தில் பிள்ளை அப்பாவை இழக்கிறது என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். அப்பாவாவது பஸ் ஏறி வந்துவிடுவார். ஓசூரில் கீழ் வீட்டுப் பிள்ளைகள் வருவார்களா? அந்தக் காம்பவுண்டில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்த ஒரு பாஷையில் இவர்கள் ஒரு கூட்டமாகத் திரிந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி எந்த மனுவிலும் ஒரு வார்த்தை இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, “சின்னப் பிள்ளைதானே, பழகிடுவா” என்று சொல்லிப் போனார்கள்.

பழகினாள்தான். ஆனால் சும்மா பழகவில்லை. வந்த புதிதில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாண்டி ஆடுவதை கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நிற்பாள். ஒருநாள் தைரியம் வந்து ஒரு பெண்ணை “ரா, ரா” என்று கூப்பிட்டுவிட்டாள். தெலுங்கில் ‘வா, வா’, ஓசூர்ப் பழக்கம். அவ்வளவுதான், தெரு முழுக்க அவளுக்கு அதே பெயராகிவிட்டது. அப்புறம் ரொம்ப நாள் வெளியே போகவில்லை. தறிச் சத்தம் தலைவலிக்கிறது என்று சாக்கு.

கதவைத் திறந்துவிட்டது தட்டுவடை செட். சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாயி காசு கொடுத்து முனைக்கடைக்கு அனுப்பினாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் வைத்துக் கொடுத்ததை இவள் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்துத் தின்னப் பார்த்திருக்கிறாள். துருவல் மொத்தமும் கவுனில். எதிர்வீட்டு அஞ்சாங்கிளாஸ் பெண் பார்த்துவிட்டு, “அப்படி இல்லடி, ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சு ஒரே கடியா கடிக்கணும்” என்று தன் தட்டில் செய்து காட்டியிருக்கிறாள். பிறகு கடைக்காரரிடம், “அண்ணா, இவளுக்குக் காரம் கம்மியா இன்னொன்னு போடுங்க, புதுசு” என்று சிபாரிசு வேறு. ஆடியில் எங்கள் பக்கம் வண்டி வேடிக்கை வந்தபோது, சாமி வேஷம் கட்டி ஜோடனை வண்டியில் வருகிறவர்களைப் பார்க்க அந்தப் பெண்தான் பாப்பாவை இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். எங்களிடம் கேட்கக்கூட இல்லை.

இவ்வளவும் நடக்க வெட்டிப் பொழுது வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே இருக்கிறது? வார நாளில் பள்ளி, டியூஷன், சிலருக்கு இந்தி கிளாஸ். பல பள்ளிகளில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. மிச்சம் இருக்கிற ஒரே நாள் ஞாயிறு. பிறந்தநாள், சைக்கிள் பழகுவது, தண்ணி லாரி வரும்போது நனைவது எல்லாம் அன்றைக்குத்தான். அந்த நாளைத்தான் நாங்கள் பத்திலிருந்து ஐந்து வரை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டார் வேன் பிடித்துத் தெருப் பிள்ளைகளை ஏற்காடு கூட்டிப் போனார்கள். பாப்பா இல்லை. மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தவள், “மாமா, 20 கொண்டை ஊசி வளைவுல எத்தனாவது வளைவுல அவ வாந்தி எடுத்தா தெரியுமா?” என்று ஆரம்பித்து போட் ஹவுஸ், குரங்கு பிஸ்கட்டைப் பிடுங்கியது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடவே போய் வந்தவள் போல. நடுவில் இருந்த குமாஸ்தா, “ஏற்காடு ஜில்லுனு இருந்துச்சா பாப்பா?” என்று கேட்டதற்கு, “ம்ம்” என்றாள்.

மாப்பிள்ளை (பழக்க தோஷம், இன்னும் அப்படித்தான் வாயில் வருகிறது) மோசமான மனுஷர் இல்லை. ஓசூரில் விடிகாலையில் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு ஏழு மணி நேரத்தை எங்கே ஓட்டுவது? எங்கள் வீட்டுக்குள் வர முடியாது, தங்கச்சிக்குச் சங்கடம். அண்ணா பூங்கா, மால், ஓட்டல், மறுபடி மால். மதியத்துக்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது என்று அவரே என்னிடம் சொன்னார். பாப்பா கேட்காத பொம்மையை எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

சட்டத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, குழந்தையின் கஸ்டடி, பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவுகள் முடிந்தவரை அதன் விருப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது. 1955-லேயே எழுதி வைத்தது. பிற்பாடு மனு போட்டு அந்த உத்தரவை மாற்றிக்கொள்ளவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. 1956-ல் வந்த மைனர், கார்டியன் சட்டமும் குழந்தையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. இடம் இருக்கிறது, நாம்தான் பழைய ஃபைலைத் திறக்கிறோம். என் கீ-போர்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் போனில் பேசினேன். முதலில் சுருக்கென்றது அவருக்கு. “இருக்கிறது ஒரு நாள், அதையும் கேக்கறீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் இருக்க இன்றைக்குக் காய்ச்சல், நாளைக்கு டியூஷன் என்று சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த மனுக்களையும் நான்தான் அடிக்கிறேன். அதனால் குறைக்கச் சொல்லவில்லை, நகர்த்தச் சொன்னேன். லீவு இருக்கிற இரண்டாம் சனியில் வாருங்கள், பள்ளி விடுமுறையில் சேர்ந்தாற்போல் ஓசூருக்கே கூட்டிப் போங்கள், அந்தக் கீழ் வீட்டுப் பிள்ளைகளையும் அவள் பார்த்த மாதிரி இருக்கும் என்றேன். கடைசியாகச் சொன்னதில்தான் அவர் குரல் மாறியது.

சேலம் வருகிற ஞாயிறுகளில் பாப்பாவோடு அவள் சிநேகிதிகளையும் சேர்த்துக் கூட்டிப் போவது என்ற யோசனை மட்டும் அவ்வளவு லேசாக நடக்கவில்லை. “அவங்க குடும்பப் பிரச்சினைக்குள்ள நம்ம பிள்ளைய எதுக்குண்ணா விடணும்” என்று எதிர்வீட்டில் தயங்கினார்கள். பெண்பிள்ளை விஷயம், தப்புச் சொல்ல முடியாது. நானும் உடன் வருகிறேன் என்ற பிறகுதான் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை அன்றைக்கு அதிகம் பேசவில்லை, டிக்கெட்டும் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்து வந்தார். பிள்ளைகள் கத்திய கத்தலில் யாரும் பேசவும் முடியாது என்பது வேறு விஷயம்.

நட்புப் பட்டியலில் வக்கீல்கள் சிலர் இருக்கிறீர்கள். இப்போது என் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய வரிக்குக் கீழே இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்:

‘மேற்படி நாளில் குழந்தைக்குப் பள்ளி நிகழ்ச்சி, விளையாட்டு, நண்பர்களுடனான விசேஷம் இருக்கும் பட்சத்தில், குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு இருதரப்பும் முன்கூட்டியே பேசி நாளை மாற்றிக்கொள்ள வேண்டியது. அவ்வாறு விடுபட்ட நேரத்தை அதே மாதத்தில் வேறு நாளில் தகப்பனாருக்கு ஈடுசெய்ய வேண்டியது.’