மைஎஸ்கியூஎல் 8.0 தரவுக் கோப்புறையை மரியாடிபி அப்படியே திறக்காது

வணக்கம். மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற தரவுத்தள மென்பொருளை நீக்கிவிட்டு, அதிலிருந்து பிரிந்து உருவான மரியாடிபியை (MariaDB) நிறுவினால், பழைய தரவுக் கோப்புறையை அது அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பினாங்கில் கடைக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் சிலரும் அதை நம்பிப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியுள்ளது. இரண்டும் 5.5 பதிப்பில் இருந்த காலத்தில் அக்கூற்று பெரும்பாலும் சரியே. ஆனால் 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 முதல், ஒவ்வோர் அட்டவணையின் அமைப்பு விவரமும் தனி .எஃப்ஆர்எம் (.frm) கோப்பில் இல்லாமல், எல்லா அட்டவணைகளின் விவரங்களையும் சர்வரே சேர்த்து வைக்கும் உள்ளக அகராதிக்குள் சென்றுவிட்டது; மரியாடிபியோ அந்த .எஃப்ஆர்எம் கோப்புகளைத்தான் தேடுகிறது.

இதை எவரும் சரிபார்க்கலாம். 8.0 சர்வரின் தரவுக் கோப்புறையில் உங்கள் தரவுத்தளத்தின் பெயருள்ள உட்கோப்புறையைத் திறந்தால், வழக்கமான அட்டவணைகளுக்குத் தரவைக் கொண்ட .ஐபிடி (.ibd) கோப்புகள் மட்டுமே தென்படும்; .எஃப்ஆர்எம் ஒன்றுகூட இராது.

எனவே மாற விரும்புவோர், பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைஎஸ்கியூஎல்டம்ப் (mysqldump) கட்டளையால் தரவை எஸ்கியூஎல் கோப்பாக எடுத்து, அதைப் புதிய சர்வரில் ஏற்றுங்கள். வாடிக்கையாளரின் பல வருடக் கணக்கு பழைய கோப்புறையில் இருக்கிறது. இரு பக்கமும் வரிசைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகும் வரை பழைய கோப்புறையை அழிக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.